முதலில் லஸ் சர்ச், பிறகு பாரிஸ்

அன்புள்ள கண்ணம்மா,

நீ கட்டடக்கலை படிக்கப் போகிறாய் என்று அண்ணன் சொன்னதிலிருந்து எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. உலகத்தில் பார்த்தே தீர வேண்டிய தேவாலயங்கள் எவை என்று கேட்டிருந்தாய். பாரிஸின் நோத்ர தாம், பார்சிலோனாவின் சக்ரதா ஃபமீலியா, இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா என்று மூன்றை நீயே குறித்தும் வைத்திருக்கிறாய். மூன்றும் நல்ல தேர்வு. ஆனால் நீ இருப்பது மந்தைவெளியில். உன் வீட்டிலிருந்து நடந்தும் பஸ் பிடித்தும் போகக்கூடிய தூரத்திலேயே முந்நூறு, நானூறு வருஷத்துக் கோயில்கள் நிற்கின்றன. அவற்றைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு பிறகு விமானம் ஏறு. பார்க்கப் பழகாத கண்ணுக்குப் பாரிஸும் வெறும் போட்டோ எடுக்கிற இடம்தான்.

எந்தச் சர்ச்சுக்குள் போனாலும் ஒரு கேள்வியோடு போ. இதைக் கட்டியவருக்கு என்ன தொல்லை இருந்தது? மண்ணா, மழையா, எதிரியின் பீரங்கியா? அதற்கு அவர் என்ன வழி கண்டுபிடித்தார்? ஒரு கட்டடத்தின் அழகில் பெரும்பகுதி அந்த வழியில்தான் இருக்கிறது என்று நான் திடமாக நம்புகிறேன்.

லஸ் சர்ச்சிலிருந்து தொடங்கு. லஸ் கார்னருக்கே பெயர் கொடுத்த கோயில் அது. பிரகாச மாதா ஆலயம் என்பது முறையான பெயர். பழைய ஆட்கள் காட்டுக் கோயில் என்பார்கள், ஒரு காலத்தில் சுற்றிலும் காடாக இருந்ததால். நடுக்கடலில் திசை தெரியாமல் தவித்த போர்ச்சுக்கீசிய மாலுமிகளுக்குக் கரையில் ஓர் ஒளி தெரிந்ததாம். அதைத் தொடர்ந்து வந்து, ஒளி மறைந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள் என்பது கதை. அங்கேயுள்ள கல்வெட்டு 1516 என்கிறது. அவ்வளவு முன்னதாக இருக்க முடியாது, அந்த நூற்றாண்டின் பிற்பகுதியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். கல்லில் எழுதியிருந்தாலும் கேள்வி கேட்கலாம் என்பதை இங்கேயே கற்றுக்கொள். எப்படிப் பார்த்தாலும் 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் இடம் வாங்குவதற்கு வெகு முன்பே எழுந்துவிட்ட கோயில் இது.

அங்கிருந்து சாந்தோம். இப்போது நிற்கிற வெள்ளைக் கோபுரக் கோயில் 1893-இல் தொடங்கி 1896-இல் முடிந்தது. ராணுவப் பொறியாளர் கேப்டன் பவர் வரைந்த நியோ கோத்திக் கட்டடம், கோபுர உயரம் 155 அடி. பார்சிலோனாவில் 1882-இல் தொடங்கிய சக்ரதா ஃபமீலியா இந்த நூற்றாண்டிலும் கட்டப்பட்டு வருகிறது. நம்மவர்கள் மூன்றே வருஷத்தில் முடித்துவிட்டார்கள்! முகப்பில் உள்ளது பெரிய கோபுரம். கட்டடத்தின் நடுவே இன்னொரு சிறிய கோபுரம் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதற்கு நேர் கீழேதான் புனித தோமையாரின் கல்லறை. உள்ளே இருக்கும் புனிதத்தை வெளியே தெருவில் போகிறவருக்கும் சொல்லிவிடுகிற ஏற்பாடு அது. கல்லறைச் சிற்றாலயத்துக்குப் பின்பக்கமாகத் தனிவழி உண்டு. அதையும் விடாதே.

அப்போஸ்தலர் ஒருவரின் கல்லறைமேல் கட்டிய தேவாலயங்கள் ரோமில் பேதுரு, ஸ்பெயினில் யாக்கோபு, மயிலாப்பூரில் தோமா என்று உலகத்தில் மூன்றுதான் என்று பலரும் சொல்லக் கேட்பாய். பவுலின் கல்லறைமேலும் ரோமில் ஒரு பேராலயம் இருக்கிறது, ஆகவே அந்தக் கணக்கை நான் பிடித்துக்கொள்வதில்லை. தோமையாரின் எலும்புகள் எடெஸ்ஸாவுக்குப் போய், 1258-இல் இத்தாலியின் ஓர்த்தோனாவைச் சேர்ந்தன என்பது அந்த ஊரின் மரபு. ஆனாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இந்தக் கல்லறையைத் தேடி யாத்திரிகர்கள் வருவதை எழுதியிருக்கிறார். எழுநூறு வருஷத்துக்குக் குறையாமல் மக்கள் இந்த மணலில் வந்து மண்டியிட்டிருக்கிறார்கள். எனக்கு அதுவே பெரிது.

இன்னொன்றும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ தினமும் தாண்டிப் போகிற கபாலீசுவரர் கோயில் பழைய இடத்தில் இருப்பதல்ல. முந்தையது கடலோரத்தில் இருந்தது, போர்ச்சுக்கீசியர் காலத்தில் அழிந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. சாந்தோம் வளாகத்தில் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இதை மறைத்துக்கொண்டு சாந்தோமை ரசிக்க வேண்டியதில்லை. ஹாகியா சோபியாவும் 537-இல் தேவாலயமாக எழுந்து, 1453-இல் மசூதியாகி, பிறகு அருங்காட்சியகமாகி, 2020-இல் மறுபடி மசூதியானது. பழைய வழிபாட்டிடங்களில் அழகும் வலியும் ஒரே சுவரில் இருக்கும். இரண்டையும் படிக்கிறவரே நல்ல மாணவர்.

பரங்கிமலைக்கு ஒரு காலை வேளையில் போ. மேலே ஏறும் படிகளுக்குப் பணம் கொடுத்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே பழைய மர்மலாங் பாலத்தைக் கட்டிக்கொடுத்தவரும் அவரே. உச்சியில் உள்ள சிறிய கோயிலின் பலிபீடத்தில் ஒரு கல் சிலுவை பதித்திருக்கிறது. 1547-இல் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. பக்கத்தில் போய் நிதானமாகப் பார். சிலுவையின் முனைகள் மொட்டுபோல விரிந்திருக்கும், மேலிருந்து ஒரு புறா இறங்கும், சுற்றியுள்ள வளைவில் பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துகள் ஓடும். போர்ச்சுக்கீசியருக்குப் பல நூற்றாண்டு முன்பே பாரசீகத்தோடு உறவுள்ள கிறிஸ்தவர்கள் இந்தக் கரையில் வழிபட்டார்கள் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. சென்னையில் ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்க நேரம் என்றால் நான் அந்தக் கல்லைத்தான் காட்டுவேன்.

இனிக் கட்டுமானத்துக்கு வருகிறேன். எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க், 1821-இல் திறந்தது. லண்டனின் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் சர்ச்சை மாதிரியாக வைத்து பொறியாளர் டி ஹாவிலண்ட் கட்டினார். அவருக்கு இருந்த தொல்லை தரை. இளகிய மண், மேலே பதினாறு தூண்கள் தாங்கும் பெரிய வட்டக் குவிமாடம். அவர் என்ன செய்தார் தெரியுமா? வரிசையாகக் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் கட்டடத்தை நிறுத்தினார். கிணற்று அஸ்திவாரம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல, யமுனைக் கரையில் தாஜ்மஹாலே அப்படித்தான் நிற்கிறது. முகம் லண்டனிலிருந்து வந்தது, கால் இந்த மண்ணின் வித்தையில் ஊன்றியது. உள்ளே நின்று நிமிர்ந்து பார்க்கும்போது காலுக்குக் கீழே உள்ள கிணறுகளையும் நினைத்துக்கொள்.

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரிஸ் இன்னும் சுவாரசியமானது. 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. கம்பெனிக்காரர்களுக்குப் பீரங்கிக் குண்டும் தீயும் பயம். அதனால் கூரையில் மரத்தையே சேர்க்காமல், கனத்த செங்கல் வளைவுகளாகவே எழுப்பினார்கள். பின்னாளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேலுக்கு இங்கேதான் திருமணம், 1753-இல் ராபர்ட் கிளைவுக்கும். நோத்ர தாமில் 2019 ஏப்ரல் 15 அன்று பற்றிய தீயில் ஓக் மரச் சட்டங்களாலான கூரை முழுதும் போனது, கோபுர ஊசி சரிந்து விழுந்தது. கீழே இருந்த கல் வளைவுகள் பெரும்பாலும் தாங்கின. 2024 டிசம்பரில் அதை மறுபடி திறந்தார்கள். நீ அங்கே போகும்போது, செயின்ட் மேரிஸின் செங்கல் கூரையைப் பார்த்தவளாகப் போனால், கூரையில் மரம் வைப்பதா வேண்டாமா என்ற முடிவின் கனம் உனக்குப் புரியும்.

கதீட்ரல் ரோட்டுக்குப் பெயர் தந்த செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலை ஒரு மாலையில் பார்த்துக்கொள். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று அங்கேதான் உருவானது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கோயில் 1972-இல் வந்தது, கட்டடமாக எனக்கு அவ்வளவு பிடிக்காது. ஆனால் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை அங்கே திரளும் கூட்டத்தைப் பார்க்காமல் கோயில் என்பது என்ன என்று உனக்குத் தெரியாது.

போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஜன்னலையோ தூணையோ வரைந்த பிறகு போனை எடுக்கலாம். பூசை நடக்கும் நேரத்தில் படம் எடுக்காதே, பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திரு. கோட்டை தலைமைச் செயலக வளாகம், வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டையை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் அத்தை