காழும் பொத்தானும்

சட்டையினின்று பொத்தான் ஒன்று அறுந்து வீழ்ந்தாலன்றி அதனைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. அது சிப்பியாலாயதோ, எலும்பாலாயதோ, நெகிழியாலாயதோ என்று நோக்குவார் மிகச் சிலரே. 'பொத்தான்' என்னும் சொல்லும் போர்த்துக்கேசியர் வழியாக நம் மொழியிற் புகுந்ததாகும். பனையினத்து மரங்கள் சிலவற்றின் விதையை அறுத்துக் கடைந்து பொத்தான் செய்யும் தொழில் உலகில் நெடுநாளாக உண்டு. அத்தகைய விதையை ஈனும் மரம் ஒன்று நம் மேற்குக் கடற்கரைக்கும் உரியது. எம் ஊராகிய அருமனையிலிருந்து நோக்கும்போது இச்செய்தி வியப்பை மட்டுமன்றி ஒரு கவலையையும் தருகின்றது. அவ்விரண்டையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண் ஒரு சொல்லை நோக்குவோம். தொல்காப்பியம் தன் மரபியலில், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பகுக்கின்றது. ஆகவே தெங்கும் பனையும் கமுகும் இலக்கண நூலார்க்குப் புல்லேயாம். இக்காலத் தாவர நூலாரும் அவற்றை ஒருவித்திலைத் தாவரங்களென்று புல்லினத்தோடு ஒரு பெருவகுப்பில் வைப்பர். இங்கு வயிரத்தைக் குறிக்கும் சொல் 'காழ்' என்பது. அச்சொல்லுக்கே விதை எனவும், மணி கோத்த வடம் எனவும் பொருள்கள் உள. கடினமும் விதையும் மணியும் ஒரு சொல்லுள் அடங்கிக் கிடத்தல் எம் கட்டுரைக்கு வாய்த்த நற்பேறே. புறக்காழ் உடையனவாகிய பனையினத்துட் சில, தம் விதையினுள்ளே யானைத் தந்தத்தை ஒத்த வெண்மையும் உறுதியும் வாய்ந்த காழை வைத்திருக்கின்றன. அதனைத் 'தாவரத் தந்தம்' என வழங்குவர்.

இக்காழ் எங்ஙனம் உண்டாகின்றது? நம் நாட்டுச் சிறார்க்கும் தெரிந்த சான்று ஒன்றுண்டு. பனங்காய் இளமையில் நீரும் நுங்குமாயிருக்கின்றது. காய் முற்ற முற்ற நுங்கு கடுக்காயாகிக் கல்லைப் போல் இறுகுகின்றது. பின்னர்க் கொட்டை மண்ணிற் கிடந்து முளைவிடும்போது அதனை வெட்டிப் பார்த்தால், உள்ளே மென்மையும் இனிமையும் உடைய தவுண் இருக்கும். அது முளையின் உறுப்பு; இறுகிய பருப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து உறிஞ்சி இளங்கன்றை ஊட்டும் செவிலி போல்வது. முளைத்த தேங்காயினுள் இருக்கும் பூவும் அத்தகையதே. எனவே விதையின் வன்மை என்பது, பிறக்கப்போகும் கன்றுக்குத் தாய்மரம் கட்டிவைத்த சோறு. தாவரத் தந்தத்தில் அவ்வுணவு உயிரணுக்களின் சுவர்களிலேயே தடிப்பாகப் படிந்துள்ளது. அதனை 'மன்னான்' என்னும் சர்க்கரையினச் சேர்மம் என்பர் இரசாயன நூலார். நாம் கடைந்து மெருகிடுவது அச்சுவர்களையேயாம்.

இத்தொழிலுக்குப் பேர்பெற்ற விதை தென்னமெரிக்காவின் 'தாகுவா' என்னும் குறும்பனையினுடையது. எக்குவடோர், கொலம்பியா முதலிய நாடுகளின் ஈரக்காடுகளில் அது வளர்கின்றது. உரூயிசு, பவோன் என்னும் ஸ்பானியத் தாவர நூலார் இருவர் அதன் இனத்துக்கு 1798இல் 'பைட்டெலிபாஸ்' என்று பெயரிட்டனர். தாவரம், யானை என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் புணர்ச்சி அது. 19ஆம் நூற்றாண்டில் இவ்விதைகள் கப்பலேறி ஐரோப்பாவை அடைந்தன. ஜெர்மனியில் ஷ்மோல்ன் என்னும் சிறு நகரம் இவ்விதைப் பொத்தானாற் புகழ்பெற்றது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்துத் தொழிற்சாலைகள் இதனைக் கடைந்து குவித்தன. 1920ஆம் ஆண்டையொட்டி அந்நாட்டிற் செய்யப்பட்ட பொத்தான்களுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு தாவரத் தந்தத்தாலாயது என்பர்.

இனிச் செய்முறையைக் காண்போம். முற்றித் தானே வீழ்ந்த விதைகளையே பொறுக்குதல் வேண்டும்; இளங்காய் உலருங்கால் சுருங்கிப் பயனற்றுப்போம். பொறுக்கியவற்றை வாரக்கணக்கிலும், வேண்டின் மாதக்கணக்கிலும் உலர்த்துவர். உலர்ந்த பருப்பு ஓட்டினின்று விலகி உள்ளே கலகலவென ஒலிக்கும். ஓட்டை உடைத்தெடுத்த பருப்பைச் சுழலும் வாளால் வில்லைகளாக அறுப்பர். தாகுவா விதை கோழிமுட்டையளவினது; நடுவில் வெற்றிடமும் உண்டு. ஆதலின் வெடிப்பும் பொள்ளலும் உள்ள வில்லைகளைக் கழித்தல் வேண்டும். எஞ்சிய வில்லைகளை மீண்டும் உலர்த்தி, குழல் வடிவான வெட்டுங்கருவியால் வட்டங்களாக எடுத்து, கடைசற் பொறியில் முகமும் முதுகும் கடைந்து, நூல் கோக்கும் துளைகளை இடுவர். சாயம் இதன்கண் நன்கு ஏறும். உயிரணுச் சுவர்களிலுள்ள நுண்ணிய வழிகளே அதற்குக் காரணம். இறுதியில் மெருகுப்பொடியோடு உருளையிலிட்டுச் சுழற்ற, பொத்தான் ஒளிபெறும். கடைந்தெடுத்த தூளும் வீணாவதில்லை. எக்குவடோரில் அதனைக் கால்நடைத் தீவனத்திற் சேர்ப்பர்.

இது மெய்த்தந்தத்தினின்று வேறென்று அறிதற்கு வழி உண்டு. கந்தகக் காடியின் ஒரு துளியைத் தாவரத் தந்தத்தின்மீது இட்டால், ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடங்களில் அவ்விடம் நீங்காத இளஞ்சிவப்பாக மாறும்; யானைத் தந்தம் அங்ஙனம் நிறம் மாறாது. ஆப்பிரிக்க யானையின் தந்தத்தைப் பன்னாட்டு வாணிபத்தினின்று விலக்க உலகநாடுகள் 1989இல் தீர்மானித்தன. அதன்பின் இவ்வேறுபாட்டை அறிதல் சுங்க அலுவலர்க்கும் இன்றியமையாததாயிற்று. கோதையாற்று மலைகளில் யானைகள் உலவும் நாட்டில் வாழும் நமக்கு, ஓர் உயிரையும் கொல்லாமற் கிடைக்கும் தந்தம் என்பதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நம் கரைக்குரிய மரம் தாளிப்பனை. குடைப்பனை என்றும் அதனைக் கூறுவர். அதன் ஓலை ஏறத்தாழ 5 மீட்டர் அகலம் விரியும். மலையாள நாட்டார் அதனாற் குடை செய்தனர். ஏடெழுதுதற்கும் அது பயன்பட்டது. இலங்கையிற் சிறைப்பட்டிருந்த இராபர்ட்டு நாக்ஸ் என்னும் ஆங்கிலேயர், மக்கள் இவ்வோலையை மழைக்கும் வெயிலுக்கும் கவித்துச் சென்றதைத் தம் 1681ஆம் ஆண்டு நூலில் விளக்கியுள்ளார். வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலின் மூன்றாம் தொகுதி, 1682இல், இம்மரத்தைப் பல படங்களாற் காட்டிற்று. இதன் விதை உருண்டையானது, தாகுவாவினும் சிறியது, காழோ அதனை ஒத்தது. 'பஜர்பட்டு' என்னும் பெயரால் இது வடநாட்டுச் சந்தைகளில் விற்கப்பட்டது. கண்ணேறு படாதிருக்கக் குழந்தைகளுக்கு அணிவிக்கும் மணியாயிற்று. 19ஆம் நூற்றாண்டிற் பம்பாய் வழியே ஐரோப்பாவுக்குச் சென்று பொத்தானும் ஆயிற்று. காழ் என்னும் சொல்லின் பொருள்கள் யாவும் இவ்வொரு விதையில் நிறைவெய்தின என்னலாம்.

ஈண்டு ஒரு பெரும் வேற்றுமை உளது. தாகுவாப்பனை ஆண்டுதோறும் காய்க்கும். வீழ்ந்த விதையைப் பொறுக்குவோர் மரத்தை வெட்ட வேண்டுவதில்லை. மரம் நிற்குமளவும் வருவாய் உண்டாதலின் காடும் நிற்கும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நெகிழிப் பொத்தான் மலிந்தமையால் இவ்வாணிபம் பெரிதும் வீழ்ந்தது. ஆயினும் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் என்னும் காடுகாக்கும் கழகம், 1990இல், எக்குவடோரின் எஸ்மெரால்டாஸ் மாகாணத்து மக்களோடு கூடி அதனை மீண்டும் தளிர்க்கச் செய்தது. தாளிப்பனையோ வாழ்நாளில் ஒருமுறையே பூக்கும். முப்பது முதல் எண்பது ஆண்டுகள் வரை உணவு சேர்த்துப் பின்னர் உச்சியில் 6 முதல் 8 மீட்டர் உயரமான பூங்கொத்தை உயர்த்தும். ஏறத்தாழ ஓராண்டிற் பல்லாயிரம் காய்கள் முற்றும். அத்தோடு மரம் பட்டுவிடும். ஒரு பொத்தானில் ஒரு மரத்தின் முழு வாழ்வும் பங்குபெறுகின்றது.

அங்ஙனமாயின் விதையைத் தொடாது விடுதல் நன்றோ எனின், அன்று. பல்லாயிரம் விதைகளுள் மரத்தின் வழி நிலைபெறச் சிலவே போதும். குறைவு விதையில் இல்லை. அதனை ஊன்ற இடம் தருவாரில்லை என்பதே குறை. அருமனையைச் சூழ்ந்த விளைகளிலும் புரையிடங்களிலும் இன்று இரப்பர் நிறைந்துள்ளது. நட்ட ஏழாண்டளவில் அது பால் தரத் தொடங்கும். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு உதவும். பேரன் காலத்திற் பூக்கும் மரத்துக்காக, ஓலை விரிய அத்துணைப் பேரிடத்தை ஏழைக் குடியானவன் விடான். அவனைக் குறைகூறுதலும் முறையன்று. இதுவே எம் கவலை.

ஆகவே இக்கடமை தனிமனிதனிலும் நெடிது வாழும் நிலையங்களுக்கே உரியது. கல்லூரித் தோட்டம், கோவில் வளாகம், ஊர்ப்பொது நிலம், கால்வாய்க் கரை என்பனவற்றுக்கு எண்பதாண்டு நீண்டதன்று. அவ்விடங்களில் தாளிப்பனைக் கன்று சிலவேனும் ஊன்றப்படுமாயின், எதிர்காலத்து மாணவர் அதன் ஓலையையும் பூவையும் கண்ணாற் காண்பர். முற்றிய விதையிற் சிலவற்றை ஊன்றி, எஞ்சியவற்றைக் கடைந்து பொத்தானும் மணியும் ஆக்கும் கைத்தொழிலையும் பயில்வர். அக்கைத்தொழிலின் முதற்கருவி கடைசற் பொறியன்று, மண்வெட்டியே என்பது எம் துணிபு. வருகின்ற மழைக்காலத்தில் நம் தோட்டத்திலேயே அதனைத் தொடங்குவோமாக.