தாத்தாவின் புல்லட்டை அறுக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

தாத்தா விட்டுப்போன புல்லட் 350-இன் எஞ்சினை இறக்கி, புதிதாகக் குழாய் வளைத்துச் செய்யும் பிரேமில் ஏற்றி, பழைய லண்டன் கஃபே ரேசர் மாதிரி ஒன்று கட்ட ஆசை என்று எழுதியிருந்தீர்கள். கூடவே ஒரே கேள்வி: "எஞ்சின் உட்காருமா?"

உட்காரும். நாலு தகடும் எட்டு போல்ட்டும் இருந்தால் எந்த எஞ்சினும் எந்தப் பிரேமிலும் உட்கார்ந்துவிடும். ஓட்டும்போதுதான் சங்கதி தெரியும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் வண்டியின் பெயர் ட்ரைட்டன். ட்ரையம்ஃப் எஞ்சின், நார்ட்டன் பிரேம். பெயரிலும் ஆளுக்குப் பாதி. அந்தப் பிரேமைச் செய்தவர்கள் பெல்ஃபாஸ்ட்டின் மெக்கேண்ட்லெஸ் சகோதரர்கள். நீளமான இரண்டு குழாய் வளையங்கள் எஞ்சினை மேலும் கீழுமாகச் சுற்றி வந்து கழுத்தில் சேரும். ஓட்டிப் பார்த்த பந்தய வீரர் ஹரோல்ட் டேனியல் இறகு மெத்தையில் போவது போல இருக்கிறது என்றாராம். ஃபெதர்பெட் என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 1950-ல், வந்த வருடமே, ஜெஃப் டியூக் அதில் சீனியர் டிடி பந்தயத்தை வென்றார்.

அதே காலத்தில் 500 சிசி ஃபார்முலா 3 கார் கட்டுபவர்களுக்கு நார்ட்டனின் மேங்க்ஸ் என்ற பந்தய வண்டியின் எஞ்சின் மேல் கண். கம்பெனியோ எஞ்சினைத் தனியாகக் கொடுக்காது. ஆகவே முழு வண்டியை வாங்கி, எஞ்சினைப் பிடுங்கிக் காரில் வைத்தார்கள். அருமையான பிரேம்கள் மூலையில் கிடந்தன. இன்னொரு பக்கம் ட்ரையம்ஃபின் இரட்டை சிலிண்டர் எஞ்சின்: வேகம் உண்டு, மேலும் முடுக்கலாம், ஆனால் அதன் சொந்தப் பிரேம் வளைவில் நெளியும். இரண்டும் சேர்ந்தன. 1965-ல் பார்சிலோனாவின் 24 மணி நேரப் பந்தயத்தை டேவ் டெகன்ஸும் ரெக்ஸ் புட்சரும் ஒரு ட்ரைட்டனில்தான் வென்றார்கள். அந்தக் கூட்டு பிறந்தது மிச்சத்திலிருந்து. அதற்காக யாரும் நல்ல வண்டியை அறுத்து ஆரம்பித்ததல்ல. இதை மனதில் வையுங்கள், கடைசியில் வருகிறேன்.

வேலைக்கு வருவோம். எல்லோரும் எஞ்சினைத் தூக்கிப் பிரேமின் நடுவில் வைத்துப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். அது தலைகீழ். பின் சக்கரத்திலிருந்து முன்னால் வர வேண்டும். சக்கரம் நடுவில் நிற்கட்டும். அதன் ஸ்ப்ராக்கெட் எங்கே நிற்கிறதோ, அதே கோட்டில் கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட் வர வேண்டும். அதன்பின் எஞ்சின் எங்கே விழுகிறதோ அதுதான் அதன் இடம். எஞ்சின் கொஞ்சம் விலகி நின்றால் குடி முழுகிவிடாது. செயின் விலகக் கூடாது. பழைய ட்ரையம்ஃபில் எஞ்சின் வேறு, கியர்பாக்ஸ் வேறு என்பதால் இரண்டுக்கும் நடுவே ஓடும் பிரைமரி செயினுக்கும் தனியாகக் கோடு பார்க்க வேண்டும். உங்கள் பழைய புல்லட்டில் கியர்பாக்ஸ் எஞ்சினின் முதுகிலேயே போல்ட் போட்டு நிற்கிறது. உங்களுக்கு ஒரு தலைவலி குறைவு.

நான் முதலில் கட்டிய வண்டியில் கண்ணளவை நம்பினேன். மூன்று மில்லிமீட்டர் பிசகு. ஓட்ட ஆரம்பித்த சில வாரங்களிலேயே ஸ்ப்ராக்கெட் பற்கள் ஒரு பக்கம் மட்டும் கத்தி போலத் தேய்ந்துவிட்டன. பக்கத்து லேத் பட்டறைப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கொத்தனார் நூல் ஒன்றை எடுத்து வந்தார். பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தை ஒட்டி முன்னால்வரை இழுத்துப் பிடித்தார். அவ்வளவுதான். பிசகு கண்ணுக்கு நேரே நின்றது.

தகடுகளை முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். பிறகு ஆறு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. துளை போல்ட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தளர்ந்தால் போல்ட் ஆடும், துளை முட்டை வடிவமாகும். வெல்டிங்குக்கு முழு எஞ்சினைச் சுமக்க வேண்டாம், காலி கிராங்க்கேஸ் போதும். அதை மாட்டி வைத்தபடியே டேக் போடுங்கள், இல்லையென்றால் சூட்டில் குழாய் இழுத்துக்கொள்ளும். ராக்கர் மூடியைக் கழற்ற மேலே இடம் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். டேப்பெட் பார்க்க ஒவ்வொரு முறையும் எஞ்சினை இறக்கும் வண்டிகளை நான் கண்டிருக்கிறேன்!

அடுத்தது அதிர்வு. ட்ரையம்ஃபில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். உங்களுடையதில் ஒரே பிஸ்டன், 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குகிறது. கிராங்கில் உள்ள எதிர் எடையால் அந்த உதறலை முழுதும் அடக்க முடியாது. மிஞ்சியதைப் பிரேம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பிரேமில் தெரியாத உதறல் இன்னொன்றில் கை மரத்துப்போகும் அளவுக்கு வரும். சிலிண்டர் தலையிலிருந்து மேல் குழாய்க்குப் போகும் சின்னத் தாங்கியை அழகு கெடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். இன்னொன்று: புல்லட்டின் முன் குழாய் எஞ்சினோடு முடிந்துவிடுகிறது, கீழே தொட்டில் கிடையாது. அங்கே எஞ்சினே பிரேமின் ஓர் உறுப்பு. அதன் குழாய்களை மட்டும் பார்த்து நகல் எடுத்தால் உறுதி வராது.

இனி, சொல்லப் பிடிக்காத விஷயம். சேசிஸ் எண் இருப்பது பிரேமில். பிரேம் மாறினால் ஆர்சி புத்தகத்தில் இருக்கும் வண்டியே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. அதன்படி, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால், பட்டறைக்குப் போகும் முன் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போங்கள்.

என் முடிவைக் கேட்டால், தாத்தாவின் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் தொடாதீர்கள். விபத்தில் பிரேம் மடங்கியோ துருவில் இற்றோ, எஞ்சின் மட்டும் பிழைத்த புல்லட் எங்காவது பழைய இரும்புக் கடையில் கிடக்கும். உரிய காகிதத்தோடு அதை வாங்குங்கள். ட்ரைட்டனும் அப்படி வந்ததுதான்.

உங்கள் கடிதத்தில் ஒன்று இல்லை. தாத்தாவின் வண்டி இப்போது ஓடுகிறதா, பிரேம் என்ன நிலையில் இருக்கிறது? அறுப்பதற்கு முன் அதை மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்