திறந்த துறையில் நங்கூரமிடுதல்

இடுக்கி மாவட்டத்தின் தமிழக எல்லையில், மூணாற்றுக்குக் கிழக்கே, டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகடு உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை வழியாக இம்முகட்டை அடைந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியே சென்று, தூத்துக்குடியில் கப்பலேறின. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்துவிட்டது.

அக்காலத் தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் இல்லை. கரையோரக் கடல் ஆழமற்றதாதலால் பெரிய கப்பல்கள் பல கிலோமீட்டர் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. தோணிகளே சரக்கைக் கப்பலுக்குக் கொண்டு சென்றன. புதிய துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு, மலையில் விளைந்த பொருள் கரை சேர்வதும் கடல் சேர்வதும் நங்கூரத்தின் பிடியையே சார்ந்திருந்தன.

அலைதாங்கிச் சுவரோ சூழ்ந்த நிலமோ இன்றி, ஒரு பக்கமேனும் கடலுக்குத் திறந்திருக்கும் இடமே திறந்த துறை எனப்படும். இன்று பெருங்கப்பல்கள் துறைமுகத்தினுள் நிற்கின்றன. ஆயினும் கரையோரமாகச் செல்லும் சிறு பாய்ப்படகு இத்தகைய குடாவில் இரவைக் கழிக்க நேரிடுவதுண்டு. அதனைப் பாதுகாப்பாக நிறுத்தும் முறை சில எளிய இயற்கை விதிகளின்பாற்பட்டதே.

காற்றும் கரையும்

முதலில் ஆராய வேண்டுவது காற்றின் திசை. கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும்போது நிலமே படகுக்கு அரணாகும். அலை எழ இடமிராது. கடலிலிருந்து கரை நோக்கி வீசினாலோ, நங்கூரம் பெயர்ந்த சில நிமிடங்களில் படகு கரையில் மோதி உடையும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கரை இவ்வாறு காற்றை நேரே ஏற்கிறது. வடகிழக்குப் பருவத்தில் தமிழகக் கரைக்கு அந்நிலை நேர்கிறது. ஒரு கரைக்குக் கேடான பருவம் மறு கரைக்குப் பெரும்பாலும் பாதுகாப்பானது. இடையே நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையே இவ்வேறுபாட்டுக்குப் பெருங்காரணம்.

அம்மலைச் சுவரில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய வாயில். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கீழைக்காற்று அதன் வழியே விரைந்து புகுந்து, பாலக்காட்டையும் திருச்சூரையும் கடந்து பொன்னானிக் கரையை நோக்கிச் செல்கிறது. அப்போது கரையோரக் கடல் அமைதியாகத் தோன்றினும் காற்று விட்டுவிட்டு வலுத்து வீசக்கூடும். நங்கூரம் பெயர்ந்தால் படகு கரையில் மோதாது. ஆனால் ஆளின்றி ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்லப்படும். எனவே அனைவரும் ஒருங்கே கரைக்குச் செல்லுதல் தகாது. பகலில் கடற்காற்றும் இரவில் நிலக்காற்றும் மாறி வீசுவதையும் கருதியே நிறுத்துமிடத்தைத் தேர வேண்டும்.

கடலடி மண்

நங்கூரம் தன் எடையினால் மட்டும் படகை நிறுத்துவதன்று. ஏரின் கொழுவைப் போல மண்ணில் புதைந்து நிறுத்துவதாகும். ஆதலின் மண்ணின் தன்மை முதன்மையானது. கெட்டியான களியும் மணலும் நன்கு பிடிக்கும். மீனவர் ‘பார்’ என வழங்கும் பாறைத்தரையில் நங்கூரம் பிடியாது நழுவும். அல்லது இடுக்கில் சிக்கி மீளாது. கடற்புல் அடர்ந்த இடத்தில் கொழு மண்ணை எட்டாது.

முற்காலத்தில் ஈயக்குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் இறக்குவர். கயிறு ஆழத்தைப் பாகக் கணக்கில் காட்டும். கொழுப்பில் ஒட்டிய மணலோ சேறோ தரையின் இயல்பைக் காட்டும். இன்று எதிரொலிக் கருவி ஆழத்தை உடனே அளந்து தருகிறது. மண்ணை அறிய அப்பழைய முறை இன்றும் பயன்படும். மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் 1986-இல் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கு நங்கூரம் எறிவது படகுக்கும் தீங்கு. உயிருள்ள பவளத்துக்கும் தீங்கு.

ஆலப்புழைக் கரையில் ஒரு வியப்பான விதிவிலக்கு உண்டு. தென்மேற்குப் பருவத்தில் அங்குச் ‘சாகர’ எனப்படும் சேற்றுத்திட்டு தோன்றும். நீரில் கலங்கிய நுண்சேறு அலையின் ஆற்றலை உறிஞ்சிவிடுவதால், சுற்றிலும் கடல் கொந்தளிக்க, அவ்விடம் மட்டும் அமைந்திருக்கும். ஆலப்புழைத் துறை பருவமழைக் காலத்திலும் கப்பல்களை ஏற்றது இதனாலேயே. ஏலமலையின் ஏலக்காய்க்கும் அதுவே கடல்வாயில். ஆயினும் இளகிய சேற்றில் நங்கூரத்தின் பிடி குறைவு. அங்கு அகன்ற கொழுவுடைய நங்கூரமே ஏற்றது.

கயிற்றின் நீளம்

நங்கூரம் புதைய வேண்டுமாயின் இழுவிசை கடலடிக்கு ஏறத்தாழ இணையாக அமைய வேண்டும். மேல்நோக்கிய இழுப்பு கொழுவைக் கிளப்பிவிடும். சங்கிலி தன் எடையால் தொய்ந்து கிடப்பது இதற்குத் துணைபுரிகிறது. காற்று வலுத்துச் சங்கிலி விறைத்தபின் அதன் நீளமே கோணத்தை முடிவு செய்கிறது. நீளம் மொத்த உயரத்தின் 3 மடங்காயின் கோணம் சுமார் 19 பாகை. 5 மடங்காயின் சுமார் 12 பாகை. 7 மடங்காயின் சுமார் 8 பாகை. சங்கிலிக்கு 5 மடங்கும், பெரும்பகுதி கயிறாயின் 7 மடங்கும் குறைந்த அளவாகக் கொள்ளப்படும்.

மொத்த உயரம் என்பது நீரின் ஆழம் மட்டுமன்று. ஆழம் 6 மீட்டர், எதிர்பார்க்கும் ஏற்றம் 1 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் 1 மீட்டர் எனில் மொத்தம் 8 மீட்டர். இதற்குச் சங்கிலி 40 மீட்டர், கயிறாயின் 56 மீட்டர் வேண்டும்.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. மாலை மென்காற்றில் உறுதியாகத் தோன்றும் பிடி நள்ளிரவுப் புயற்காற்றில் போதாமற் போவதன் காரணம் இதுவே. சங்கிலியுடன் நீட்சியுள்ள நைலான் கயிற்றை இணைத்தால் அது அலையின் அதிர்ச்சியைத் தாங்கும்.

நிறுத்தும் முறை

படகு காற்றை எதிர்கொண்டு மெல்ல வந்து நிற்க வேண்டும். அது பின்னோக்கி நகரத் தொடங்கியதும் நங்கூரத்தை எறியாமல் மெதுவாக இறக்க வேண்டும். எறிந்தால் சங்கிலி அதன்மேல் குவிந்து சிக்கும். உரிய நீளம் விட்டபின் எஞ்சினைப் பின்னோக்கி இயக்கி, நங்கூரத்தை மண்ணில் ஊன்றச் செய்ய வேண்டும்.

காற்று மாறும்போது படகு நங்கூரத்தை மையமாகக் கொண்டு சுழலும். 40 மீட்டர் சங்கிலியுடன் 12 மீட்டர் நீளமுள்ள படகு 50 மீட்டருக்கு மேற்பட்ட ஆரமுள்ள வட்டத்தை அடைக்கக்கூடும். அவ்வட்டத்தினுள் பாறையோ, வலையோ, வேறு படகோ இருத்தலாகாது. பகலில் கருநிறக் கோளமும் இரவில் எத்திசைக்கும் தெரியும் வெண்விளக்கும் நங்கூரமிட்டமைக்கு அடையாளமாம்.

நங்கூரம் பெயர்கிறதா என்பதை அறிய, கரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் தெரியும் இரு பொருள்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு தென்னையும் அதன் பின்னுள்ள கோபுரமும் போதும். பக்கவாட்டில் இத்தகைய இரு நேர்கோடுகள் இருப்பின் மேலும் நன்று. படகு சுழலும்போது அவை சற்று விலகி மீண்டும் சேரும். விலகியவை சேராமல் தொடர்ந்து பிரிந்தால் பிடி தளர்ந்தது என்பது தெளிவு. செயற்கைக்கோள் நிலைகாட்டியின் எச்சரிக்கை மணி, இரவில் இக்கண்காணிப்புக்குத் துணையாகும்.

காற்றின்றி வரும் அலை

ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் தென் தமிழகத்திலும் காற்றே இல்லாத நாளில் கடல் திடீரெனப் பொங்குவதுண்டு. இதனை மலையாள மீனவர் ‘கள்ளக்கடல்’ என்பர். தென் இந்தியப் பெருங்கடலின் புயல்கள் எழுப்பும் நெடிய அலைகள் சில நாள் பயணம் செய்து வந்து சேர்வதே இதற்குக் காரணம். வானத்தைப் பார்த்து இதனை முன்னறிய இயலாது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. 2 மீட்டர் உயர அலையின் பள்ளத்தில் நீர்மட்டம் சுமார் 1 மீட்டர் தாழும். ஆதலின் ஆழமற்ற இடத்தில் படகின் அடி தரையில் தட்டும். நுரைத்து உடையும் அலைக்கோட்டுக்கு மிக வெளியே நிறுத்துதலே அறிவுடைமை.

வெளியேறும் வேளை

சென்னைத் துறையும் ஒரு காலத்தில் திறந்த துறையே. 1746 அக்டோபரில் அங்கு நின்ற பிரெஞ்சுக் கப்பற்படை ஒரே இரவுப் புயலில் சிதைந்தது. பின்னர்க் கட்டத் தொடங்கிய அலைதாங்கிகளையும் 1881 நவம்பர்ப் புயல் உடைத்தது. அத்துறையின் அனுபவம் மாலுமிகளுக்கு ஒரு விதியைக் கற்பித்தது: புயற்குறி ஏற்றப்பட்டால் சங்கிலியை விட்டுவிட்டேனும் ஆழ்கடலுக்குச் சென்றுவிட வேண்டும். கப்பலுக்குப் பகை பெரும்பாலும் கடலன்று, கரையே.

அவ்விதி சிறு படகுக்கும் பொருந்தும். சங்கிலியின் நுனியில் மிதவை கட்டி ஆயத்தமாக வைத்திருந்தால், அதனை நழுவவிட்டு உடனே வெளியேறலாம். பின்னர் வந்து மீட்டுக்கொள்ளலாம். இழந்த நங்கூரத்தை மீண்டும் வாங்க இயலும். காற்று கரை நோக்கித் திரும்புமுன் இருந்த ஒரு மணி நேரத்தை மீண்டும் பெற இயலாது. ஆகவே திறந்த குடாவில் நங்கூரமிடுவோர், நுழையும்போதே வெளியேறும் வழியையும் வேளையையும் தீர்மானித்திருத்தல் இன்றியமையாதது.