செங்காங்கில் மாசி, பங்குனி: வெயிலும் காற்றும் பூவும்

வடகிழக்குப் பருவக்காற்றின் மழைப் பகுதி ஜனவரியோடு ஓய்கிறது. பிப்ரவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை சிங்கப்பூரில் அதன் வறண்ட பகுதி. டிசம்பரில் சராசரியாக 330 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, பிப்ரவரியில் 105 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். 2014-இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் தொடர்ந்து வறட்சி நிலவியது. தமிழ்ப் பெரும்பொழுதுகளில் இது மாசி, பங்குனிக்குரிய பின்பனிக் காலம். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இங்கே பனி கிடைக்காது. ஆனால் ஈரம் குறைந்த காற்று கிடைக்கும். ஆண்டு முழுதும் வேர்த்து வழியும் ஊரில் அது அரிய பேறு. அடுக்குமாடி வீட்டுக்குள் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு இதைத் தவறவிடக் கூடாது.

காலை ஏழேகால் மணியளவில்தான் சூரியன் உதிக்கும் என்பதால் ஏழு முதல் ஒன்பது வரை வெளியே நடக்க ஏற்ற நேரம். செங்காங் ஆற்றோரப் பூங்காவையும் ஆங்கர்வேல் பக்கத்தையும் இணைக்கும் மிதக்கும் ஈரநிலம் 2010-இல் திறக்கப்பட்டது. பொங்கோல் நீர்த்தேக்கத்தின் மேல் மிதக்கும் செடிகள், நீரில் கலந்த சத்துகளை வேர்களால் உறிஞ்சித் தூய்மைப்படுத்துகின்றன. மீன்கொத்தியும் நாரையும் அங்கே இரை தேடுகின்றன. வடக்கிலிருந்து வலசை வந்த பறவைகள் மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். ஆகவே தொலைநோக்கி உள்ளவர்கள் இப்போதே போக வேண்டும். இன்னும் நடக்கக் கூடியவர்கள் லோரோங் ஹாலுஸ் ஈரநிலம்வரை போகலாம். 1999 வரை குப்பை கொட்டிய நிலம் அது. இன்று நாணலும் நீருமாக மாறியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். பறவைகளுக்கு உணவு போடுவது சட்டப்படி குற்றம்.

வடகமும் மோர்மிளகாயும் போட ஆண்டிலேயே ஏற்ற வாரங்கள் இவை. நேர்வெயில் விழும் அறைக்குள், ஜன்னலுக்கு உட்புறம் தட்டை வைத்தாலே காய்ந்துவிடும். காற்று வலுத்து வீசும் என்பதால் ஜன்னல் விளிம்பிலோ துணிக்கம்பிலோ தட்டு வைக்கக் கூடாது. பூந்தொட்டிகளையும் உள்ளே எடுத்துவிடுவது நல்லது. பொது நடைவழியையும் மறிக்கக் கூடாது. காய்ந்த புல் எளிதில் பற்றிக்கொள்ளும். சிகரெட் துண்டை வீசுவது இந்தப் பருவத்தில் பெருந்தவறு.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புற ஊதாக் கதிர்கள் மிகக் கடுமை. காலை 11 மணி முதல் பிற்பகல் 3 வரை குடையும் தொப்பியும் இல்லாமல் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்ப வேண்டாம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் வெப்ப அழுத்த நிலை தெரியும். அந்த வெப்ப அழுத்த அளவு 33 டிகிரியைத் தொட்டால் அது உச்ச நிலை. வெளியில் ஓடுவதைத் தள்ளிப்போட வேண்டும்.

வறட்சிக்குப் பிறகு வரும் மழைதான் பூக்களைத் திறக்கிறது. டபெபுயா மரங்கள் இலை உதிர்த்து, மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் இளஞ்சிவப்பும் வெண்மையுமாகப் பூக்கும். சிங்கப்பூரின் சக்குரா என்று பலர் சொல்வது இதைத்தான். சக்குராவோடு எந்த உறவும் இல்லாத, அமெரிக்க வெப்பமண்டலத்து மரம் இது. தமிழர்கள் கூடுதல் அன்போடு தேட வேண்டியது அங்சானா. நம் குறிஞ்சி நிலத்து வேங்கையின் நெருங்கிய உறவு அது. மஞ்சள் பூக்கள் ஒரு நாளே நிற்கும். மறுநாள் காலை நடைபாதை முழுதும் மஞ்சளாகக் கிடக்கும். மரக்கிளைகளில் தொற்றி வளரும் புறா ஆர்க்கிட் இன்னும் விந்தை: பெருமழையால் வெப்பம் சட்டென்று இறங்கிய ஒன்பதாம் நாள், வட்டாரம் முழுதும் ஒரே நாளில் பூக்கும். மழை நாளைக் குறித்துவைத்து, எண்ணிக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

சித்திரைப் புத்தாண்டுப் பச்சடிக்கான வேப்பம்பூவைப் பூங்கா மரத்தில் பறிக்க அனுமதி இல்லை. ஏப்ரல் முதல் வாரத்திலேயே தேக்கா சந்தையில் கேட்டு வாங்கிவைப்பது நல்லது.

மார்ச் இறுதியில் பருவம் மாறும். பிற்பகலில் இடியும் மின்னலும் திடீரென்று வரும். இடியோசை கேட்டவுடனே மிதக்கும் ஈரநிலத்தையும் திறந்த திடலையும் மரத்தடியையும் விட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மழை நின்றதும் தொட்டித் தட்டுகளில் தேங்கிய நீரை அன்றே கொட்ட வேண்டும். டெங்கிப் பரவல் பெரும்பாலும் கூடும் மே மாதம் அதிகத் தொலைவில் இல்லை.