ஏர் இன்டேக் மாற்றினால் எவ்வளவு குதிரைத்திறன் கூடும்?

பெட்ரோல் இன்ஜின் எவ்வளவு திறன் தரும் என்பதை அது உள்ளே இழுக்கும் காற்றுதான் தீர்மானிக்கிறது. பெட்ரோலை அதிகமாகச் செலுத்துவது எளிது. அதை எரிக்கும் ஆக்சிஜனைக் கூட்டுவதுதான் கடினம். குழாயும் கூம்பு வடிவ ஃபில்டரும் சேர்ந்த இன்டேக் கிட்டுகள், அந்தக் காற்றைக் கூட்டித் தருவதாகச் சொல்லியே விற்கப்படுகின்றன. 1990-களில் கலிஃபோர்னியாவில் ஹோண்டா சிவிக் கார்களை மாற்றியமைத்தவர்களிடையே இவை பெரிதும் பரவின.

அமெரிக்காவில் 1999, 2000 மாடல்களாக விற்ற சிவிக் எஸ்.ஐ. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 1595 சி.சி. இன்ஜின் நிமிடத்துக்கு 7600 சுற்றில் 160 குதிரைத்திறன் தரும். நான்கு வீச்சு இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு முழுவதையும் இழுக்கிறது என்று கொண்டால், அந்த வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6000 லிட்டர் காற்று உள்ளே போகிறது. டர்போ இல்லாத இந்த இன்ஜினுக்குள் அதைத் தள்ளிவிடுவது வெளியிலுள்ள காற்றழுத்தம். கடல் மட்டத்தில் அது 101 கிலோபாஸ்கல். ஃபில்டர், பெட்டி, வளைவான குழாய் ஆகியவற்றைக் கடக்கும்போது அதில் கொஞ்சம் இழப்பு ஏற்படும். புது இன்டேக்கால் மீட்க முடிவது பெரும்பாலும் அந்த இழப்பை மட்டுமே.

கம்பெனிப் பெட்டியில் 2 கிலோபாஸ்கல் இழப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை முற்றிலும் நீக்கினாலும் காற்று சுமார் 2 சதவீதம்தான் கூடும். 160 குதிரைத்திறனில் அது 3. விளம்பரம் சொல்லும் 15 குதிரைத்திறன் கிடைக்க, பழைய பெட்டி ஏறத்தாழ 9 கிலோபாஸ்கல் மறித்திருக்க வேண்டும். அடைத்துப்போன ஃபில்டர் இருந்தாலன்றி அந்த அளவுக்கு மறிப்பு இருப்பது அரிது. குழாயின் நீளத்தை மாற்றும்போது அழுத்த அலைகள் வந்துசேரும் நேரம் மாறி, குறிப்பிட்ட சில சுற்றுகளில் இந்தக் கணக்கை மிஞ்சிய ஆதாயம் வருவதுண்டு. ஆனால் அதே குழாய் வேறு சுற்றுகளில் இழப்பையும் தரும். விளம்பரத்தில் ‘வரை’ என்ற சொல்லோடு வரும் எண், பெரும்பாலும் வரைபடத்தின் அந்த ஓர் உச்சியில் எடுக்கப்பட்டது.

பணம் கொடுக்கும் முன் இந்த இழப்பை அளந்துவிடுவதே சிறந்த வழி. அதற்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயும் வண்ணம் கலந்த தண்ணீரும் போதும். குழாயை ‘ப’ வடிவில், அடிப்பகுதி வளைந்து இரு முனைகளும் மேலே நிற்கும்படி வளைத்துப் பாதிவரை நீர் நிரப்ப வேண்டும். ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையே உள்ள குழாயில் இணைத்து, மறுமுனையைத் திறந்துவிட வேண்டும். நீர் இன்ஜினுக்குள் போய்விடாதபடி இரு கைகளும் நல்ல உயரமாக இருப்பது அவசியம். முழு ஆக்சிலரேட்டரில், உச்சச் சுற்றில், இரு பக்க நீர்மட்டத்துக்கும் இடையே 10 செ.மீ. வித்தியாசம் தெரிந்தால் இழப்பு சுமார் 1 கிலோபாஸ்கல். சாலையில் செய்தால் ஓட்டுபவர் சாலையைப் பார்க்க, நீரை வேறொருவர் பார்க்க வேண்டும். காரின் திறனை அளக்கும் டைனோவில் செய்வது இன்னும் நல்லது. ஃபில்டரை எடுத்துவிட்டு ஒருமுறை அளந்தால் மறிப்பது ஃபில்டரா, பெட்டியா என்பதும் தெரிந்துவிடும். ஃபில்டர்தான் என்றால் புதிய காகித ஃபில்டரின் விலையோடு காரியம் முடிந்தது.

மறிப்பைவிட வெப்பம் பெரிய எதிரி. காற்றின் அடர்த்தி, கெல்வின் அளவில் அதன் வெப்பநிலைக்குத் தலைகீழாக மாறும். 30 டிகிரி செல்சியஸ் காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்று போனால் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கூம்பு ஃபில்டர், நெரிசலில் ரேடியேட்டரின் சூட்டையே உறிஞ்சுகிறது. கலவை தானாகவே வெடித்தெரியும் நாக்கிங் வராமலிருக்க கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்தள்ளும்போது இழப்பு இன்னும் கூடும். பல கார்களில் கம்பெனிப் பெட்டியே முன் கிரில்லிலிருந்தோ ஃபெண்டரிலிருந்தோ குளிர்ந்த காற்றை எடுப்பதால், அதைக் கழற்றுவதில் நஷ்டமே மிஞ்சலாம். ஓ.பி.டி. ஸ்கேனரில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையை நெரிசலிலும் நெடுஞ்சாலையிலும் பதிவுசெய்து ஒப்பிட்டால் உண்மை புலப்படும்.

அடுத்தது சென்சார். 1999 சிவிக் எஸ்.ஐ. காற்றின் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் கணக்கிடும் கார்; குழாயின் அகலம் மாறியதால் மட்டும் அதன் கணக்கு குழம்பாது. காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில் நிலைமை வேறு. சென்சார் இருக்கும் இடத்தில் 70 மி.மீ. குழாய்க்குப் பதில் 76 மி.மீ. குழாய் வந்தால் பரப்பு 18 சதவீதம் கூடுகிறது. காற்று மெதுவாகக் கடக்கிறது. வந்ததைவிடக் குறைவாகவே சென்சார் சொல்கிறது. கலவையில் பெட்ரோல் குறைகிறது. கம்பெனி அமைப்பு முழு ஆக்சிலரேட்டரில் கொஞ்சம் தாராளமாகப் பெட்ரோல் விடுவதால், இந்தக் குறைவே டைனோவில் சில குதிரைத்திறன் ஆதாயமாகத் தெரியும். அதற்கான விலை, கூடுதல் வெப்பமும் நாக்கிங் ஆபத்தும். கம்ப்யூட்டர் பெட்ரோலைத் திருத்தும் அளவான ஃப்யூயல் டிரிம் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கிட் அந்தக் காருக்குப் பொருந்தவில்லை என்றே கொள்ள வேண்டும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் எண்ணெய் மிகுந்தால் சென்சாரின் சூடான கம்பியில் அது படிந்து இதே கோளாறைத் தரும்.

சத்தத்தை நம்பக் கூடாது. கம்பெனிப் பெட்டியோடு ஒலியை அடக்கும் ரெசொனேட்டரும் போய்விடுவதால் இன்ஜின் உறுமுகிறது. கார் வேகம் கூடியதாகவே ஓட்டுபவருக்குத் தோன்றும். டைனோவிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரே காரை மாற்றமின்றி மீண்டும் ஓட்டினாலே 1, 2 சதவீதம் மாறலாம். பழைய பெட்டியில் சில ஓட்டம், புதியதில் சில ஓட்டம், மறுபடி பழையதில் சில ஓட்டம், எல்லாம் ஒரே இன்ஜின் சூட்டில் என்று எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. பானெட்டைத் திறந்து விசிறி வைத்து எடுத்த அளவு சாலைக்குப் பொருந்தாது.

டர்போ இன்ஜினில் கம்ப்ரெசருக்கு முன் இழக்கும் அழுத்தம், அது பெருக்கும் விகிதத்தில் பின்னால் பெரிதாகும். அங்கே இன்டேக்குக்குக் கூடுதல் பயன் உண்டு. ஆனால் டார்க் இலக்கை வைத்து இயங்கும் கம்ப்யூட்டர், மென்பொருளை மாற்றாதவரை பழைய திறனிலேயே நின்றுவிடக்கூடும்.

காற்றை எளிதாக விடும் ஃபில்டர் தூசியையும் எளிதாக விடலாம். ஐ.எஸ்.ஓ. 5011 முறைப்படி எடுத்த வடிகட்டும் திறன் எண்ணைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. இன்ஜின் ஆயில் பரிசோதனையில் சிலிக்கான் ஏறினால் தூசி உள்ளே போகும் சாத்தியம் உண்டு. பம்பருக்குள் தாழ்வாக ஃபில்டர் வைக்கும் வகை, தேங்கிய மழைநீரை உறிஞ்சிவிடும். நீர் அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும்.

கலிஃபோர்னியாவில் இன்னொரு சோதனையும் உண்டு. மாநிலக் காற்று வள வாரியத்தின் விலக்கு ஆணை எண் இல்லாத இன்டேக், புகைச் சோதனையின் கண்பார்வைப் பரிசோதனையிலேயே தோற்றுவிடும். அந்த எண் குறிப்பிட்ட கார் மாடல்களுக்கும் ஆண்டுகளுக்கும் மட்டுமே வழங்கப்படுவதால், பெட்டியில் எண் இருப்பதோடு நிற்காமல் பட்டியலில் தன் கார் இருக்கிறதா என்றும் பார்த்தே வாங்க வேண்டும்.