ஆழ்கடலில் 72 மணி நேரம்

நுழையும்முன்

நிலத்தில் ஒருவர் காணாமற்போனால், அவர் சென்ற வழியை நாலுபேரிடம் கேட்டறியலாம். பிறர் கண்ணில் படாமல் மறைந்து செல்வதற்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு கலம், அதிலுள்ள மனிதர்களோடு காணாமற்போனால் எங்கே தேடுவது? யாரிடம் கேட்பது? 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பாலித் தீவுக்கு வடக்கே நிகழ்ந்த தேடலை இப்பாடம் விவரிக்கிறது.

ஊர்களைக் கடந்து செல்லும் அலை

தென்காசியிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பாவூர்சத்திரம், கடல் காணாத ஊர். பொழுது விடியுமுன்னரே இங்குள்ள சந்தையில் காய்கறி மூட்டைகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். கேரளத்துக்குச் செல்லும் சரக்குந்துகள் காத்து நிற்கும். மேற்கே குற்றால மலை; பருவகாலத்தில் கணவாய் வழியே வரும் காற்று. ஊரின் வாழ்வு முழுவதும் மலையையும் மண்ணையும் சார்ந்தது. ஆயினும், ஆழ்கடலில் இயங்கும் நீர்மூழ்கிகளுக்கான செய்தி இவ்வூரின் கூரைகளையும் வயல்களையும் கடந்து செல்கிறது என்பது பலரும் அறியாத ஒன்று.

பாவூர்சத்திரத்திற்குத் தென்கிழக்கே, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், நாங்குநேரியை அடுத்த விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் நிலையமொன்று உள்ளது. பாஞ்சாலங்குறிச்சி வீரனின் நினைவாக ‘ஐ.என்.எஸ். கட்டபொம்மன்’ எனப் பெயரிடப்பட்ட அந்நிலையம், 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் செயற்படத் தொடங்கியது. தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் தனியே பிரியும் வரை இரண்டு ஊர்களும் ஒரே மாவட்டத்தில் இருந்தவை. அங்கு நிற்கும் கோபுரங்களுள் உயர்ந்தவை 400 மீட்டரைத் தாண்டுவன. நீரில் மூழ்கியிருக்கும் கலங்களுக்குக் கரையிலிருந்து செய்தி அனுப்புவதே அவற்றின் பணி.

அத்துணைப் பெரிய கோபுரங்கள் எதற்கு? வானொலியும் கைப்பேசியும் பயன்படுத்தும் மின்காந்த அலைகள் உப்புநீருக்குள் ஒரு முழம்கூட ஊடுருவுவதில்லை. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலைகள் மட்டுமே, கடல்மட்டத்துக்குக் கீழே 10 முதல் 20 மீட்டர் வரை இறங்குகின்றன. 18 கிலோ ஹெர்ட்ஸ் அளவிலான ஓர் அலையின் நீளம் 16 கிலோமீட்டருக்கு மேல். அதாவது, ஒற்றை அலை பாவூர்சத்திரத்தில் தொடங்கினால் குற்றாலத்தையும் தாண்டித்தான் முடியும். இத்தகைய அலையை உருவாக்கப் பெரும் மின்னாற்றலும் வானளாவிய கம்பங்களும் தேவை. நீர்மூழ்கிக் கப்பலில் இவற்றுக்கு இடமேது? எனவே கரை பேசும், கலம் கேட்கும். மூழ்கிய நிலையில் இருந்துகொண்டு அதே வழியில் மறுமொழி கூற அதனால் இயலாது.

இந்த ஒருவழிப் பேச்சு நீர்மூழ்கியின் குறைபாடு அன்று. அதுவே அதன் பாதுகாப்பு. பேசாத கலத்தைப் பகைவர் கண்டறிதல் அரிது. ஆனால், அதற்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் நண்பராலும் கண்டறிய முடியாது.

பதில் வராத அதிகாலை

இந்தோனேசியக் கடற்படையின் ‘நங்காலா-402’ செருமனி நாட்டில் கட்டப்பட்டு, 1981ஆம் ஆண்டு பணியில் சேர்ந்த நீர்மூழ்கிக் கப்பல். 2012இல் தென்கொரியாவில் முழுமையாகச் செப்பனிடப்பட்டது. 2021 ஏப்ரல் 21ஆம் நாள் அதிகாலை, பாலித் தீவுக்கு வடக்கே ஏறத்தாழ 95 கிலோமீட்டர் தொலைவில், டார்பிடோ செலுத்தும் பயிற்சிக்காக அது 3 மணியளவில் நீரில் மூழ்க அனுமதி பெற்றது. செலுத்துவதற்கான ஆணையை எதிர்நோக்கியிருக்க வேண்டிய நேரத்தில் அதனிடமிருந்து பதில் இல்லை. மீண்டும் மீண்டும் அழைத்தும் பயனில்லை. கப்பலில் இருந்தோர் 53 பேர்.

விடிந்தபின் பறந்து தேடியவர்கள், கலம் மூழ்கிய இடத்தின் அருகே எண்ணெய்ப் படலம் மிதப்பதைக் கண்டனர். எண்ணெய்த் தொட்டி பிளந்திருக்கலாம். அல்லது, எடையைக் குறைத்து மேலே எழுவதற்காக மாலுமிகளே எண்ணெயை வெளியேற்றியிருக்கலாம். ஒரே அடையாளம் அழிவையும் காட்டக்கூடும், உயிரோடு இருப்பதையும் காட்டக்கூடும். கரையில் இருந்த குடும்பத்தினர் எதனை நம்பியிருப்பர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒளிந்திருப்பதன் விலை

நீருக்குள் தேட ஒலியே துணை. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் விரைந்து செல்கிறது. தேடும் கப்பல் ஓர் ஒலித்துடிப்பை அனுப்பி, அது எதன்மீதேனும் பட்டு எதிரொலிக்கிறதா எனக் காத்திருக்கும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறை, கடலில் அவ்வளவு எளிதாக இருப்பதில்லை. வெதுவெதுப்பான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் சந்திக்கும் இடத்தில் ஒலி வளைந்துவிடும். வளைவுக்கு அப்பால் ஒலி எட்டாத நிழற்பகுதி உருவாகும். போர்க்காலத்தில் நீர்மூழ்கி விரும்பித் தேடும் மறைவிடம் இந்நிழற்பகுதியே. அடித்தரையில் கிடக்கும் கலத்தைக் கடலடிப் பாறையிலிருந்து பிரித்தறிவதும் கடினம்.

உள்ளிருப்போர் உயிரோடிருந்தால் சுத்தியலால் கலத்தின் சுவரைத் தட்டி ஒலியெழுப்புவர். அடையாள மிதவையை மேலே விடுவர். ஆகையால் தேடுவோர் அவ்வப்போது தம் பொறிகளையெல்லாம் நிறுத்திவிட்டுச் செவிமடுக்க வேண்டும். தேடலின் பெரும்பொழுது இவ்வாறு அமைதியாகக் காத்திருப்பதிலேயே கழிகிறது.

இதற்கு ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பு, 2017 நவம்பர் 15ஆம் நாள், அர்செந்தீனாவின் ‘சான் குவான்’ என்னும் நீர்மூழ்கி 44 பேரோடு மறைந்தது. அணுவெடிப்புச் சோதனைகளைக் கண்காணிப்பதற்காக உலகக் கடல்களில் வைக்கப்பட்டுள்ள ஒலிவாங்கிகள், அந்நாளில் நேர்ந்த ஒரு விபரீத ஒலியைப் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பதிவு செய்திருந்தன. அவ்வளவு தடயம் இருந்தும், 900 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் அக்கலத்தைக் கண்டறிய ஓராண்டு ஆயிற்று.

விரைந்த கப்பல்கள்

நங்காலாவைத் தேடச் சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகள் முன்வந்தன. நீர்மூழ்கிகள் நாட்டின் மிகப்பெரும் இரகசியங்கள். அவற்றின் அருகே அயலாரை விடுவதற்கு எந்த அரசும் எளிதில் இசைவதில்லை. அந்தத் தயக்கத்தின் விலையை உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் பேரன்ட்சு கடலில், 108 மீட்டர் ஆழத்தில் உருசியாவின் ‘கூர்சுக்’ மூழ்கியது. வெடிப்புக்குப் பின்னரும் 23 பேர் பின்புற அறையொன்றில் உயிரோடு இருந்தனர். அவர்களுள் ஓர் அலுவலர் இருளில் எழுதிவைத்த குறிப்பு பின்னர்க் கிடைத்தது. அயல்நாட்டு உதவி ஏற்கப்படுவதற்குள் நாள்கள் கடந்துவிட்டன. 118 பேரும் மாண்டனர். இதன் பின்னரே, 2003இல், எந்த நாட்டின் நீர்மூழ்கி இடருற்றாலும் மீட்புக்கருவி யாரிடம், எங்கே உள்ளது எனத் தெரிவித்து ஒருங்கிணைக்கும் பன்னாட்டு அலுவலகம் ஒன்று தொடங்கப்பட்டது. மீட்புக்கலம் வந்து பொருந்தும் வாயிலின் விளிம்பைப் பல நாடுகளும் ஒரே அளவில் அமைக்கின்றன. பகை நாட்டின் மீட்புக்கலமும் அதில் பொருந்தும்.

இந்தியா, ஏப்ரல் 22ஆம் நாள் விசாகப்பட்டினத்திலிருந்து தன் ஆழ்கடல் மீட்புக்கலத்தை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பியது. சிறு நீர்மூழ்கி போன்ற அக்கலம் 650 மீட்டர் ஆழம் வரை இறங்கி, இடருற்ற கப்பலின் வாயிலோடு ஒட்டிக்கொண்டு, ஒரு தடவையில் 14 பேரை மேலே கொண்டுவர வல்லது. ஆனால் விசாகப்பட்டினத்திலிருந்து பாலிக் கடல் 4000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கப்பலின் வேகத்தில் அது பல நாள் பயணம்.

இத்தகைய துயரம் வங்கக்கடலுக்கும் புதிதன்று. 1971 டிசம்பர் 3ஆம் நாள் நள்ளிரவையொட்டி, பாகிசுத்தானின் ‘காசி’ நீர்மூழ்கி விசாகப்பட்டினத்திற்கு அருகே 93 பேரோடு மூழ்கியது. அதன் சிதைவைக் காண முக்குளிப்போரை இறக்கிய இந்திய மீட்புக்கப்பலின் பெயர் ‘நிசுத்தார்’; மீட்பு என்பது அச்சொல்லின் பொருள். 2025 சூலை 18ஆம் நாள், விசாகப்பட்டினத்திலேயே கட்டப்பட்ட புதிய மீட்புத் துணைக்கப்பல் அதே பெயரோடு பணியில் சேர்ந்தது. ஆழ்கடல் மீட்புக்கலத்துக்கு அது தாய்க்கப்பல்.

ஆழம் மட்டுமே தடை என எண்ணிவிடக் கூடாது. 2013 ஆகஸ்ட் 14ஆம் நாள் பின்னிரவில், ‘சிந்துரட்சக்’ மும்பைக் கடற்படைத் துறைமுகத்திலேயே வெடித்து மூழ்கியது. கரை கைக்கெட்டும் தொலைவு. ஆயினும் வெப்பத்தால் உருகி இறுகிய கதவுகளையும், கலங்கிய நீரில் கண் தெரியாத இருளையும் கடந்து முக்குளிப்போர் உள்ளே செல்லப் பெரும்பாடு பட்டனர். 18 மாலுமிகளுள் ஒருவரையும் காப்பாற்ற இயலவில்லை.

காற்றின் கணக்கு

நங்காலாவில் மின்சாரம் முற்றிலும் நின்றிருந்தால், உள்ளிருக்கும் உயிர்வளி 72 மணி நேரத்துக்கே போதும் என இந்தோனேசியக் கடற்படை அறிவித்தது. அக்கணக்கின்படி ஏப்ரல் 24, சனிக்கிழமை அதிகாலை 3 மணியே எல்லை.

மூடிய கலத்தில் உயிர்வளி குறைவதைவிட, மூச்சில் வெளிவரும் கரியமில வாயு மிகுவதே முதலில் ஆளை வீழ்த்தும். தலைவலி, மயக்கம், குழப்பம் என அது படிப்படியாகத் தாக்கும். அதனை உறிஞ்சும் வேதிப்பொருள்கள் கப்பலில் உண்டு. மாலுமிகள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பேச்சைக் குறைக்க வேண்டும். உழைக்கும் உடல் கூடுதலாக மூச்சு வாங்கும் என்பதால், தப்பிக்கத் துடிப்பவர்கள் எதுவும் செய்யாமல் கிடக்கக் கற்றிருக்க வேண்டும். பயிற்சிகளில் இதுவே கடினமானது போலும்.

இவ்வாறு காத்திருந்து பிழைத்தவர்களும் உண்டு. 1939 மே மாதம் அமெரிக்காவின் ‘இசுகுவாலசு’ 70 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் மூழ்கியபோது 26 பேர் உடனே இறந்தனர். எஞ்சிய 33 பேரும், மேலிருந்து இறக்கப்பட்ட மணி வடிவ மீட்பறையின் மூலம் நான்கு தடவைகளில் உயிரோடு மீட்கப்பட்டனர். பாலியிலும் பான்யுவாங்கித் துறைமுகத்திலும் நாள்களை எண்ணியவர்களுக்கு அத்தகைய ஒரு நம்பிக்கையே மிஞ்சியிருந்தது.

மிதந்து வந்தவை

ஏப்ரல் 24ஆம் நாள், குறித்த நேரம் கடந்தது. அன்று கடற்படைத் தளபதி செய்தியாளர்முன் சில பொருள்களை வைத்தார். டார்பிடோக் குழாயின் ஒரு பாகம், பெரிஸ்கோப்புக்கு இடும் மசகுக் குப்பி, தொழுகை விரிப்பின் துண்டுகள். கலத்தின் சுவர் விரிசல் காணாமல் இவை வெளியே வர வழியில்லை. அதுவரை ‘காணவில்லை’ என்றிருந்த அறிவிப்பு ‘மூழ்கியது’ என மாற்றப்பட்டது. இயந்திரப் பாகங்களைவிட அந்த விரிப்பே பலரையும் கலங்கச் செய்தது.

மறுநாள், சிங்கப்பூரின் ‘சுவிப்ட் ரெசுக்யூ’ மீட்புக்கப்பலிலிருந்து இறக்கப்பட்ட ஆளில்லாக் கருவியின் ஒளிப்படக்கருவி 838 மீட்டர் ஆழத்தில் நங்காலாவைக் கண்டது. அது மூன்று துண்டுகளாகக் கிடந்தது. அவ்வாழத்தில் ஒரு விரல்நகப் பரப்பின்மீது அழுத்தும் நீரின் எடை 80 கிலோவுக்கும் மேல். சந்தையில் ஏற்றியிறக்கும் ஒரு மூட்டையைவிட அது கனமானது. நங்காலா தாங்கக்கூடிய ஆழமோ 500 மீட்டர் அளவே. 53 பேரும் உயிரிழந்தனர் என அறிவிக்கப்பட்டது. அவர்கள் பல நாள் காத்திருந்து மாண்டிருக்க வாய்ப்பில்லை. அந்த எல்லையைக் கலம் கடந்தபோதே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். வெளியே எண்ணப்பட்ட 72 மணி நேரம் உள்ளே எண்ணப்படவே இல்லை எனலாம்.

சில வாரங்களுக்கு முன் மாலுமிகள் தம் கலத்துக்குள் ஒன்றுகூடி, கிதாரோடு பிரியாவிடைப் பாடலொன்றைப் பாடிய காணொளியைப் படைத்துறை பின்னர் வெளியிட்டது. பணி மாறிச் செல்லும் ஓர் அதிகாரிக்காக அவர்கள் பாடியது அது. குடும்பத்தினர் கப்பலில் சென்று, கலம் மறைந்த இடத்தில் கடல்நீரில் பூக்களைத் தூவினர். மாலுமிகளின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை அரசு ஏற்கும் எனக் குடியரசுத் தலைவர் அறிவித்தார்.

கலத்தை மேலே தூக்க மே மாதத்தில் சீனக் கடற்படையின் கப்பல்கள் வந்து துணைநின்றன. சிறு பொருள்கள் சில மட்டுமே கிடைத்தன. சூன் மாதத் தொடக்கத்தில் அம்முயற்சி நிறுத்தப்பட்டது. நங்காலா தன் மாலுமிகளோடு அங்கேயே விடப்பட்டது.