கோடும் நாடும்

ஆப்பிரிக்காவில் எங்கே போர் மூண்டாலும் நம்மிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது: வெள்ளைக்காரன் அளவுகோலை வைத்துக் கோடு கிழித்தான், அந்த மக்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். காலனியத்தின் மீதான இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வரலாறு அரைகுறையாகச் சொல்லப்படுகிறது. அதில் இன்றைய ஆட்சியாளர்கள் பலர் தப்பித்துக்கொள்கிறார்கள்.

நம்பிக்கை: பெர்லின் மாநாட்டில் ஒரே மேசையில் ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டார்கள்.

1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை நடந்த மாநாட்டில் 14 நாடுகள் கலந்துகொண்டன. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. அந்த அநீதியை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அங்கே முக்கியமாகப் பேசப்பட்டவை காங்கோ, நைஜர் ஆறுகளில் வணிகமும் கப்பல் போக்குவரத்தும், கடற்கரையில் புதிதாக இடம் பிடிப்பவர்களுக்கான விதிகளும்தான். இன்றைய எல்லைகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு, இரண்டிரண்டு வல்லரசுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் உருவானவை.

கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் நடுவே ஓடும் கோடு கிளிமஞ்சாரோவைச் சுற்றி வளைகிறது. விக்டோரியா அரசி தன் பேரன் கெய்சர் வில்லியமுக்குப் பிறந்தநாள் பரிசாக அந்த மலையைக் கொடுத்தார் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதுண்டு. அந்தக் கோட்டை முடிவு செய்த ஒப்பந்தம் 1886ஆம் ஆண்டினுடையது; வில்லியம் கெய்சரானதோ 1888இல். உண்மைக் காரணம் வேறு. ஜெர்மானிய முகவர்கள் மலையடிவாரத்துச் சாகா இனத் தலைவர்களிடம் முன்பே ஒப்பந்தங்கள் வாங்கி வைத்திருந்தார்கள். பிரிட்டனின் கண் மொம்பாசா துறைமுகத்தின் மேல் இருந்தது.

சகாராவில் அளவுகோல் கோடுகள் இருக்கவே செய்கின்றன. ஆனால் ஜாக் பெய்ன் உள்ளிட்ட மூன்று அரசியல் அறிஞர்கள் கண்டத்தின் எல்லைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் காலனியத்துக்கு முந்தைய அரசுகளின் எல்லைப் பகுதிகள் நேரடியாகத் தாக்கம் செலுத்தியிருப்பது தெரிந்தது. ஆறுகளும் ஏரிகளும் அதைவிட அதிகமாக எல்லையைத் தீர்மானித்திருக்கின்றன. ஆப்பிரிக்காவை வெறும் காலி வரைபடமாகப் பார்க்கும் பழக்கம் நம் அனுதாபத்துக்குள்ளும் ஒளிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் வருத்தம்.

நம்பிக்கை: எல்லையை யாரும் தொடக்கூடாது என்று ஒப்புக்கொண்டால் அண்டை நாடுகளுக்குள் சண்டை ஓயும்.

1964இல் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு இதைத்தான் ஒப்புக்கொண்டது. விடுதலை பெற்றபோது எந்த எல்லை இருந்ததோ அதுவே இனியும் எல்லை. சோமாலியாவும் மொராக்கோவும் மட்டும் ஏற்கவில்லை. பக்காசி தீபகற்பம் கேமரூனுக்கே உரியது என்று பன்னாட்டு நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தபோது, கண்டத்தின் பெரிய ராணுவங்களில் ஒன்றை வைத்திருந்த நைஜீரியா முதலில் முரண்டு பிடித்தாலும் கடைசியில் படைகளை விலக்கிக்கொண்டது. இந்த விதியின் சாதனை சிறியதல்ல.

ஆனால் அதற்கு மறுபக்கம் உண்டு. எல்லைகளையும் பன்னாட்டுப் பாதுகாப்பையும் ஆராய்பவரான, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் போவாஸ் அட்சிலி 2012இல் வெளியிட்ட நூல் இதைத்தான் பேசுகிறது. பழைய ஐரோப்பாவில் பலவீனமான அரசு ஒன்று தன்னைப் பலப்படுத்திக்கொள்ள வேண்டும், இல்லையேல் காணாமல் போக வேண்டும். போலந்து 1795இல் வரைபடத்திலிருந்தே மறைந்தது. எல்லை உறுதியான காலத்தில் அந்த அச்சம் போய்விட்டது. வரி வசூல், நீதிமன்றம், ஒழுங்கான ராணுவம் எதுவும் இல்லாமலே ஓர் அரசு பிழைத்திருக்கலாம். அதன் வெற்றிடத்தில் கிளர்ச்சிக் குழுக்கள் கூடாரமடிக்கும்; சண்டை எல்லை தாண்டும்.

காங்கோவைப் பாருங்கள். 1965 முதல் 32 ஆண்டுகள் ஆண்ட மொபுட்டு, தன்னைக் கவிழ்த்துவிடக்கூடாது என்பதற்காகத் தன் ராணுவத்தைத் தானே சீரழித்தார். 1977இல் ஷாபா மாநிலத்துக்குள் கிளர்ச்சியாளர்கள் நுழைந்தபோது அவரைக் காப்பாற்ற மொராக்கோ வீரர்கள் வர வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் படை. 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் சில நாட்களுக்குள் காங்கோவின் கோமா நகரில் குவிந்தார்கள். ருவாண்டாவில் இனப்படுகொலை செய்தவர்களும் அவர்களுக்குள் கலந்து வந்து, அந்த முகாம்களையே பாசறைகளாக்கிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்க அங்கே அரசு என்று ஒன்று இல்லை. 1996இல் ருவாண்டா படையனுப்பியது. 1997இல் மொபுட்டு ஓடினார். 1998இல் தொடங்கிய இரண்டாம் போரில் உகாண்டா, அங்கோலா, ஜிம்பாப்வே, நமீபியா எனப் பல நாட்டுப் படைகள் காங்கோ மண்ணில் மோதின. இத்தனைக்குப் பிறகும் வரைபடத்தில் எல்லைக்கோடு நகரவில்லை. 2025 ஜனவரியில் ருவாண்டாவின் ஆதரவு பெற்ற எம்23 கிளர்ச்சிக் குழு கோமாவை மறுபடி பிடித்தது.

அப்படியானால் பிறர் நிலத்தைப் பிடிப்பதை அனுமதிக்கலாமா? அட்சிலியின் ஆய்வை அப்படிப் படிப்பது பெரும் தவறு. எல்லைக்கு மரியாதை வேண்டும். அதோடு, அந்த எல்லைக்குள் அரசைக் கட்டியெழுப்பும் பொறுப்பை யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

நம்பிக்கை: இனவாரியாகப் புதுக் கோடு போட்டுவிட்டால் தீர்ந்தது.

ஒரே மொழி, ஒரே மதம் என்று பெரும்பாலும் ஒன்றுபட்ட சோமாலியாவின் அரசு 1991இல் குலைந்து விழுந்தது. தென் சூடானுக்கு 2011இல் புது எல்லையே கிடைத்தது. பொது வாக்கெடுப்பில் 98 சதவீதத்துக்கு மேல் பிரிவினைக்கு வாக்களித்தார்கள். 2013 டிசம்பரில் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது. அது தொடங்கிய இடம் எல்லை அல்ல, தலைநகர் ஜூபா. மோதியவை அதிபர் சல்வா கீருக்கு விசுவாசமான படைகளும், அந்த ஆண்டு ஜூலையில் அவர் பதவி நீக்கிய துணை அதிபர் ரீக் மச்சாரின் ஆதரவுப் படைகளும்.